தேனப்பன், மேல்வரிசை

பெயர் வைத்த அன்று
'தே' சொல்லப் பல் வேண்டும் என்று
யாருக்கும் தோன்றவில்லை.
ஆறு வயது வரை தன்னை
ஏனப்பன் என்றே சொல்லிக்கொண்டான்.

அண்ணனுக்கு இருந்தது. மகனுக்கும் வந்தது.
நடுவில் நான், திறந்துவிட்ட கதவு.
எனக்கு வேர்க்கும், முடி அடர்த்தி,
பல்லும் உண்டு; ஒன்று மட்டும் ஆணி முனை மாதிரி.
காரைக்குடி மே மாதத்தில்
இவன் பனியனை நனைத்து நனைத்து மாட்டிவிடுவேன்,
வேர்க்காத உடம்புக்குக் குழாய்த் தண்ணீர் வேர்வை.

செக்காலை ரோட்டில் டாக்டர் பெனாசிர்
பேனா போல ஒன்றை வாய்க்குள் உலவவிட்டார்.
திரையில் ஈறு எழுந்தது, இளஞ்சிவப்பு வரப்பு.
ஓக்காளம் இல்லை.
"இவ்வளவுதானா?" என்றான் அண்ணன்.
கேட்டது எங்களிடம் இல்லை.

அவனுக்கு மதுரைக்கு ஐந்து நடை.
தொண்டைக்குள் வழிந்த மாவு,
மேலூர் தாண்டுமுன் பஸ் ஜன்னலில் வாந்தி.
மெழுகில் ஒரு பல்வரிசை, கழற்றி,
வெந்நீரில் வேகவைத்து மறுபடி ஒன்று.
திரும்பப் போக யாருக்கும் தெம்பில்லை.
ஒன்பது வயதுப் பல்லைப்
பதினான்கு வரை
பவுடர் தூவி ஒட்டிக்கொண்டான்.

இதையும் சொல்லிவிட வேண்டும்:
அவன் இப்போது போட்டிருப்பதும் அந்தப் பழைய வகைதான்,
சீப்புச் சீடையை நொறுக்கும்.
இவனுடைய அச்சுப்பல் கொஞ்சம் அதிக வெள்ளை;
முதலாவது ஒரு மாதத்தில் விரிசல் விட்டது.
"கடிக்க அதுதான் உறுதி,"
டாக்டரே ஒப்புக்கொண்டார்,
"வளர்கிற வாய்க்கு இது போதும்."

ஒரு வியாழக்கிழமை
பள்ளிவிட்டு வெறும் வாயோடு வந்தான்.
பையைக் கவிழ்த்தேன். டிபன் டப்பா, ஷூவின் உள்ளே,
ஆட்டோக்காரரின் சீட்டுக்கு அடியில்.
போனில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.
"அதனாலென்ன, ஃபைல் இருக்கே.
நாளைக்குச் சாயங்காலம் வாங்க."

அண்ணன் எழுந்து போய்
மின்விசிறியைக் கூட்டினான், குறைத்தான்.
குன்றக்குடியில், பங்குனி உத்திரக் கூட்டத்தில்,
ஒரே ஒரு தும்மலில் தொலைத்தவன்.
அப்பா அடிக்கவில்லை. செலவைச் சொன்னார்.
நான்கு மாதம் கையால் வாயை மூடியபடி
ஏழாம் வகுப்பு படித்தவன்.

மறுநாள் திரையில் வரிசையாக:
தேனப்பன் மேல் ஒன்று. தேனப்பன் மேல் இரண்டு.
இரவெல்லாம் யாரோ மெல்லிய தோசைகளாய்
ஒன்றன்மேல் ஒன்று வார்த்தது போல
இரண்டின் இரண்டாம் பிறப்பு
தட்டில் காத்திருந்தது.

மாட்டினான். நாக்கால் தடவிப் பார்த்தான்.
"தொலைக்கல.
தண்டபாணிக்குப் பார்க்கத்தான் தந்தேன்.
திருப்பித் தரமாட்டேங்கிறான்."

அத்தனை 'த'வும் தெறித்து விழுந்தன.
திட்ட வாயெடுத்தேன், வார்த்தை வரவில்லை.
அண்ணன் சிரித்தான்;
பழக்கத்தில் கை வாய்க்குப் போனது,
பாதியில் நின்று
மூக்கைச் சொறிந்தது.