எட்டு நாள் பிந்திய உறை

சீசனில் என் ஆல்பத்தை நான் தொடுவதில்லை.
மாம்பழக்கூழ் ஃபேக்டரியில்
தோல் சீவும் வரிசைக்கு சூப்பர்வைசர் நான்.
மே மாதம் பிடித்தால் ஆகஸ்ட் வரைக்கும்
நகக்கண்ணில் பெங்களூரா மஞ்சள்.
எலுமிச்சைக்கும் போகாது
சோடா உப்புக்கும் போகாது.
ஒரே ஒரு முறை தொட்டுவிட்டேன்.
மூன்றரை அணா கொடி ஸ்டாம்பின் வெள்ளை ஓரத்தில்
இன்றைக்கும் இருக்கிறது
என் கட்டைவிரல்.
இடுக்கி வாங்கியது அதற்கப்புறம்தான்.

கிருஷ்ணகிரியில் இதற்கென்று கடை கிடையாது.
பழைய பேட்டையில் எடைக்குப் பேப்பர் எடுக்கும் அஸ்லம் பாய்
உறையென்று கண்டால் தனியே போட்டு வைப்பார்.
"நாலு தலைவருங்க வந்திருக்காங்கம்மா,
மழை வர்றதுக்குள்ள வாங்க" என்று போன் செய்வார்.
தலைவர்கள் கிலோ பதினாலு ரூபாய்.

முதல் நாள் உறையென்றால்
வெளியிட்ட தேதியும் முத்திரைத் தேதியும்
ஒன்றாக இருக்க வேண்டும்.
விதி அவ்வளவுதான்.
என்னிடம் வந்து சேர்வதெல்லாம்
ஓசூர் இரண்டாம் நாள்
ராயக்கோட்டை மூன்றாம் நாள்
தேன்கனிக்கோட்டை, நடுவில் ஞாயிறு விழுந்ததால்,
ஐந்தாம் நாள்.
ஆகஸ்ட் பதினைந்து என்ற முத்திரையே
இந்தப் பக்கம் பார்த்ததில்லை.
அன்றைக்குத்தானே தபால் ஆபீசுக்கு லீவு.
கொடியேற்றி, ஆரஞ்சு மிட்டாய் கொடுத்து,
பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

ஒரு வருஷம் சேலத்துக் கண்காட்சிக்கு எடுத்துப் போனேன்.
நடுவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
பன்னிரண்டு உறையையும் பார்த்தார்.
நிதானமாகத்தான் பார்த்தார்.
"எல்லாமே லேட்டும்மா."
தெரியும் சார், என்றேன்.
"தெரிஞ்சும் எதுக்குச் சேர்க்கறீங்க?"
திரும்பும் பஸ் காவேரிப்பட்டினம் தாண்டும்போது
பதில் வந்தது.
அதுவும் லேட்.
வெளியிட்ட நாள் எதுவென்று
ஊர் உலகத்துக்கே தெரியும் சார்.
எங்களிடம் எப்போது வந்து சேர்ந்தது என்பது
இந்த வட்ட மை இல்லாவிட்டால்
யாருக்குத் தெரியும்?
அவருக்கு எழுதிப் போடவில்லை.

பிறகு நானே அனுப்ப ஆரம்பித்தேன்.
என் விலாசம் எழுதிய உறை, ஸ்டாம்புக்குப் பணம்,
ஒரு துண்டுச் சீட்டு:
'புது ஸ்டாம்பு வந்த அன்றே ஒட்டி முத்திரை குத்தவும்.
தெளிவாக. இப்படிக்கு முனிலட்சுமி.'
அஞ்செட்டி போஸ்ட்மாஸ்டர் பைரப்பா
தெளிவாகக் குத்துகிற மனிதர்.
நேரில் பார்த்ததில்லை.

இந்த முறை 'வெள்ளையனே வெளியேறு' ஸ்டாம்பு.
வெளியீடு ஆகஸ்ட் ஒன்பது.
போஸ்ட்மேன் வாசலில் நின்று
முன்னும் பின்னும் புரட்டிக் காட்ட
கையைக் கட்டிக்கொண்டு படித்தேன்.
முத்திரை: பதினேழு.
பின்பக்கம் பென்சிலில்
'ரோட்டில் மூன்று யானை.
பை இரண்டு நாள் வரவில்லை.
மற்ற தாமதத்துக்கு யானை பொறுப்பல்ல.
மீதி ஒரு ரூபாய் உள்ளே.'

அவர் போன பிறகுதான் எண்ணிப் பார்த்தேன்.
அஞ்செட்டியில்
பதினைந்தாம் தேதியே சுதந்திரம் வந்துவிட்டது.
பதினேழாம் தேதிதான்
வெள்ளைக்காரனை வெளியேறச் சொல்லியிருக்கிறார்கள்.
குக்கர் மூன்று விசில் போட்டும்
சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது உறை,
போஸ்ட்மேன் வைத்த இடத்திலேயே.
கதவைத் திறந்து மூடும்போதெல்லாம்
உள்ளே அந்த ஒரு ரூபாய் நகர்கிறது.
நீலம் இன்னும் ஆறு லோடு பாக்கி என்கிறார் மேனேஜர்.
ஆல்பத்தில் அது உட்காரப்போவது
செப்டம்பர் ஐந்தோ பத்தோ.
நகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.