இரண்டு விரல் ஆட்டம்

நேரே பிடித்தாலும் நேரே போவதில்லை என்றான் பச்சுக்கி.
நூற்று இருபது வரை சொன்னபடி கேட்கிறதாம்,
நூற்று அறுபதில் யோசிக்கிறதாம்.
ரூஸ்தாவி பந்தயத் தடத்தின் மூன்றாம் வளைவில்
அவன் திருப்பி ஒரு மூச்சு கழிந்துதான்
கார் திரும்புகிறதாம்.
சாவியை மேசையில் போட்டுவிட்டு
மினிபஸ் பிடித்துப் போனான்.

ஜெர்மனியில் பிறந்து
அமெரிக்காவில் அடிபட்டு
போத்தித் துறைமுகத்தில் இறங்கிய கார்.
முந்நூற்று நாற்பது குதிரை.
உடம்பெல்லாம் தையல்.
தைத்தவள் நான். எங்கெங்கே என்று தெரியும்.

முதலில் காற்று. எப்போதும் முதலில் காற்று.
நாலு டயரும் சரி.
லிஃப்டில் ஏற்றி, கடிகாரத்தில் ஒன்பதும் மூன்றும் இருக்குமிடத்தில்
சக்கரத்தைப் பிடித்து உலுக்கினேன்.
பன்னிரண்டிலும் ஆறிலும்.
பேரிங்கிடம் சத்தமில்லை.
கடப்பாரை நுனியால் புஷ்களை நெம்பினேன்;
ரப்பர் முனகியது, பிளக்கவில்லை.

தொங்கும் சக்கரம் பொய் சொல்லும்.
பாரம் ஏறினால்தான் மூட்டு வாயைத் திறக்கும்.
காரைக் குழிமேல் நிறுத்த வேண்டும்,
மேலே ஒருவர் ஸ்டியரிங்கை ஆட்ட,
கீழே ஒருவர் தொட்டுப் பார்க்க வேண்டும்.
ஆள் இரண்டு.
என் கராஜில் ஒன்று.

எதிர்ப்புறம் மல்காஸின் போர்டு.
எழுத்து என்னுடையதைவிடப் பெரிது.
ஒரே ஜாக், ஒரே கடன், ஒரே கெட்டில் என்று
ஒன்பது வருஷம் இருந்தோம்.
பிரியும்போது ஸ்பானர் செட்டில்
இரட்டை எண்கள் அவனுக்கு, ஒற்றை எனக்கு.
வீட்டை விட்டுக்கொடுத்தது கூடப் பரவாயில்லை.
பத்தாம் நம்பர் அவனிடம் போனதை
இன்னும் மன்னிக்கவில்லை.

கூப்பிட்டேன்.
கை துடைத்துக்கொண்டே வந்தான்,
சீட்டைக் கடைசிவரை பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தான்.
இஞ்சின் வேண்டாம் என்றேன் குழிக்குள்ளிருந்து.
இடம், வலம். இரண்டு விரல் அகலம் போதும்.

டை ராட் வெளிமுனை: கூடவே வந்தது.
உள்முனை: வந்தது.
ரேக் போட்ட இடத்தில் கல்லாக.
இன்னுமா? என்றான்.
இன்னும்.
அவன் மணிக்கட்டு திரும்புவது
இரும்பு வழியாக இறங்கி
என் உள்ளங்கைக்கு வந்தபடி இருந்தது.
இந்த இரண்டு வருஷத்தில்
நாங்கள் பேசிய நீளமான பேச்சு அது.

பிறகு மேலே, கம்பியும் ரேக்கும் சேருமிடம்.
மேல்பாதி திரும்பியது.
கீழ்ப்பாதி
சற்றுப் பொறுத்து.
டிக்.

டார்ச் அடித்தேன்.
கவ்வும் போல்ட்டின் தலையிலிருந்து
இரும்பின் மேல் ஒரு மஞ்சள் கோடு.
முறுக்கிப் பார்த்தபின் நான் போடும் கோடு.
போல்ட் கழன்றிருந்தால் கோடு உடைந்திருக்கும்.
உடையவில்லை.
நேராக, அழகாக, கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

கழலவில்லை. முறுக்கவே இல்லை.
கையால் திருகி நிறுத்திவிட்டு
கோட்டை மட்டும் போட்டிருக்கிறேன்.
எந்தச் செவ்வாய், எந்தச் சண்டைக்கு நடுவில்,
நினைவில்லை.
இந்த ஆட்டத்தோடு ஒருவன்
நூற்று அறுபதில் வளைந்திருக்கிறான்.

டை ராடா? என்றான்.
ஆமாம் என்றிருக்கலாம்.
புதிது இரண்டு மாட்டி பில்லும் போட்டிருக்கலாம்.
போல்ட், என்றேன். என் போல்ட்.

மேலே சீட் கிறீச்சிட்டது.
கதவு. செருப்புச் சத்தம் தெருவைக் கடந்தது.
போகட்டும் என்று
மஞ்சளைச் சுரண்ட ஆரம்பித்தேன்.

திரும்பி வந்து குழி விளிம்பில் குந்தி
ஒரு ஸ்பானரை நீட்டினான்.
பத்து.
இதற்குப் பதின்மூன்று வேண்டும் என்றேன்.
தெரியும் என்றான்.

பச்சுக்கியிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன்.
வெகுநேரம் மௌனமாக இருந்தான்.
பிறகு, ஓட்டிப் பார்த்தாயா? என்றான்.

மாலையில் தடம் காலி.
மூன்றாம் வளைவில் நான் நினைக்கும்போதே கார் திரும்பியது.
நேர்ச்சாலையில் மல்காஸ் தலையைச் சாய்த்து,
இடதுபக்கம் துளி இழுக்கிறது என்றான்.
தரையின் சரிவு என்றேன்.
டயர் என்றான்.
சரிவு.
டயர்.
ஐந்து சுற்றும் அதையே பேசினோம்.