பட்டிருப்புப் பாலத்தில் எறிந்த இலக்கம்

கோடு மறந்துபோச்சு.
ஒன்பது புள்ளியில் ஏதோ ஒரு எழுத்து,
‘ட’ என்றுதான் ஞாபகம்,
கவிழ்த்துப்போட்ட ‘ட’வாகவும் இருக்கலாம்.
களுவாஞ்சிக்குடி பஸ் நிலையத்துப் பக்கத்துக் கடையில்
கிதுர்சன் இரண்டு பொத்தானை ஒன்றாக அமத்திப் பிடித்தான்.
கழுவிக் கவிழ்த்த சட்டி மாதிரி
போன் கைக்கு வந்தது.

வந்த கையோடு கேட்டது:
முன்பு இதில் இருந்த கணக்கு எது?
இது நீங்கள்தானா என உறுதிப்படுத்துங்கள்.

நான்தான் என்றேன்.
அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்தேன்.
கிதுர்சன் சிரிக்கவில்லை, நல்ல பெடியன்.
“அக்கா, பழைய நம்பருக்குத்தான் கோட் போகும்.
குறுக்கு வழியும் இருக்கு. அது நான் செய்யிறல்ல.”

பழைய நம்பர்.
முன்னால் எல்லாம் புள்ளி,
கடைசியில் மட்டும் நாலு, ஏழு.

இரண்டு வருசத்துக்கு முந்தி ஒரு வியாழன்,
குழுக்கடன் கட்டுகிற நாள்,
பாலத்தின் நடுவில் ஸ்கூட்டியை நிப்பாட்டி
ஊசியால் கிளறி எடுத்து
வாவிக்குள் எறிந்தது அது.
விழுந்த சத்தம்கூட இல்லை.
மூன்று கம்பனி, ஒரு நாளைக்குப் பதினாலு கோல்,
அவ்வளவும் தண்ணிக்குள் அடிக்கட்டும் என்று
படுவான்கரைக்குக் குடிபோனேன்.
இக்கரைக்கு வந்தால்
ஹெல்மெட்டைக் கழற்றாமலே மீன் வாங்கினேன்.

கடைப் போனால் எடுத்துப் பார்த்தேன்.
அடித்தது.
பின்னால் காற்று, ஏதோ தேய்க்கிற சத்தம், ஓர் ஆண் குரல்.
பொத்துவிலாம். முபாறிஸாம்.
வெள்ளைக்காரர் அலையில் உடைக்கிற பலகைகளை
ஒட்டிக் கொடுக்கிறவராம்.

விசயத்தைச் சொன்னேன். பேச்சில்லை.
“ராத்தா, நீங்க தவேந்தினியா?”

பேர் எப்படித் தெரியும்?

“காலையில ஒருத்தன், அந்திக்கு ஒருத்தன்,
தவேந்தினியக் குடு, தவேந்தினியக் குடு எண்டு.
நானும் எத்தின நாளைக்கு?
மறுகா ஒருநாள், நோன்பு நேரம், வாயில வந்திட்டு:
அவங்க மௌத்தாப் போயிட்டாங்க.
குறை நினைக்காதீங்க.”

ஓ.
நான் கெட்டித்தனமாக ஒளித்திருக்கிறேன் என்று நினைத்தேன்.
செத்திருந்திருக்கிறேன்.

“மெசேஜ் வந்திருக்கு. யாருக்கும் சொல்லவேணாம்
எண்டு கீழ போட்டிருக்கே?”
“அது எனக்குத்தான்.”
“மௌத்தானவங்களுக்குச் சொன்னாக் காரியமில்ல,” என்று சிரித்தார்.
ஒன்பது. சைபர். சைபர். ஆறு. மூன்று.
கிதுர்சன் ஒவ்வொன்றாக அமத்தினான்.

ஆறாவதுக்கு முன்னால் நின்றார்.

“ஒரு பொம்புள மட்டும் எடுத்தாங்க.
லீசிங்காரர் மாதிரி இல்ல.
பழக்கத்தில அவங்களுக்கும் அதையே சொல்லிட்டன்.
கனநேரம் அழுதாங்க, ராத்தா. பேர் சொல்லல்ல.
நம்பரும் இப்ப என்னட்ட இல்ல.
…ரெண்டு.”

திறந்தது.
வரவேற்கிறோம் என்றது.
படங்கள் போனது போனதுதான்;
பெயர்கள் மட்டும் வரிசையாக இறங்கின,
கோழித்தீன் லொறிக்காரன் முதற்கொண்டு.
கிதுர்சனுக்கு எண்ணூறு ரூபா.

திரும்பும்போது அதே பாலம்.
ஸ்கூட்டியை ஓரம்கட்டி
பொம்பிளைப் பெயர்களை மட்டும் தள்ளிப் பார்த்தேன்.
அமுதா ரீச்சர்.
நீங்கள் அழைத்த இலக்கம் பாவனையில் இல்லை,
மூன்று மொழியில்.
கௌரி, தையல். அவள் இப்போது குவைத்தில்.
அப்படியே இறங்கி இறங்கி
ஞானாம்பிகை.
குழுத் தலைவி,
என் கடனுக்குக் கையெழுத்து வைத்தவள்.
வியாழன் தவறாமல் கதிரை போட்டவள்.

அழுதது இவள் என்றால்
எனக்காகவா,
என் பங்கும் தன் தலையில் விழுந்ததற்கா?

விரலை அவள் பெயரின் மேல் வைத்திருக்கிறேன்.
திரை மங்குகிறது.
அணைந்தால் கோடு கேட்கும்;
புதுக் கோடு இன்னும் போடவில்லை.