இருபது தெத்ரி

எங்கள் லிஃப்ட் காசு கேட்கும்.
இருபது தெத்ரி, ஏறுவதற்கு மட்டும்;
இறங்க இலவசம்.
திபிலிசியின் வடகோடியில் ஒன்பது மாடி.
எட்டாவதில் நோதார்.

முப்பத்தேழு வருஷம் டிராலிபஸ் ஓட்டியவர்.
"ஊரையே சுற்றியவன் நான்,
இன்னும் என்ன நடை?" என்பார் டாக்டரிடம்.
சுற்றியது பஸ்.
இவர் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரியில் ஒருநாள்
அக்குளில் படகு மாதிரி நீண்ட ஷோத்தி ரொட்டி,
பையில் சில்லறை இல்லை.
கடன் கேட்க வீம்பு விடவில்லை.
ஏறினார்.

மூன்றாம் மாடியில், என் கதவுக்கு வெளியே
இரைக்கும் சத்தம்.
நாயென்று நினைத்துத் திறந்தேன்.
நாற்காலி போட்டேன்.
ரொட்டியின் சூடான முனையைப் பிய்த்து
ஆளுக்குப் பாதி தின்றோம்.

நாற்காலியை உள்ளே எடுக்க மறந்தேன்.
மறுநாளும் மறந்தேன்.
மறதி என்றே நம்புகிறார்.

ஏப்ரலில் அது ஐந்தாம் மாடிக்குப் போயிருந்தது.
யார் தூக்கிப்போனது என்று
நான் கேட்கவில்லை.

நேற்று வாசலில் வந்து நின்றார்.
கையில் ஜாம் ஜாடி,
லிஃப்டுக்குப் போடாத காசெல்லாம் அதில்.
"வைத்துக்கொள், எத்தெரி.
மூன்றாம் மாடிக்கு லிஃப்டில் வருகிறவள்
இந்தக் கட்டடத்தில்
நீ ஒருத்திதான்."

என் முழங்காலின் வரலாற்றைத் தொடங்கினேன்.
அவர் அதற்குள் அடுத்த படிக்கட்டில்.

"என் நாற்காலி?" என்று கத்தினேன்.

மேலிருந்து, மூச்சு வாங்காமல்:
"ஐந்தாம் மாடியில் இருக்கிறது.
வந்து எடுத்துக்கொள்."