எச்சம்

மிஷன் வீதியில் மரைக்காயர் கடைக்கு மேல்மாடி,
ஏசி சொட்டுகிற வாளிக்குப் பக்கத்தில் என் மேசை.
யூரோவுக்கு ரூபாய், பதினான்கு வருட முடிவு விலைகள்,
சனி ஞாயிறு கழித்து மூவாயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் நாள்.
"எந்த நாள் வாங்கி வைக்கணும், எந்த நாள் தள்ளி விடணும்,
அது தெரிஞ்சாப் போதும். மத்ததெல்லாம் உன் பாடு" என்றார்.

பதினொரு மாறிகள் போட்டேன்.
கச்சா எண்ணெய், தங்கம், இரண்டு தேசத்து வட்டி,
மழையைக்கூட ஒருமுறை போட்டு எடுத்துவிட்டேன்.
நடந்து முடிந்ததையெல்லாம்
கைடு மனப்பாடம் செய்த பையனைப் போல ஒப்பித்தது மாடல்.

கணிப்புக்கும் நடந்ததற்கும் நடுவில் மிஞ்சுவதற்குப்
புள்ளியியலில் பெயர் எச்சம்.
ஏசிப் பெட்டி மேல் காக்கை விட்டுப் போவதும் அதுதான்.
ஏழாம் வகுப்பில் தமிழம்மா நடத்தியதும் அதுதான்:
வந்து, பார்த்து, எண்ணி,
முற்று கிடைக்காத வினைகள்.
நல்ல எச்சத்தில் ஒழுங்கு எதுவும் தெரியக் கூடாதென்பார்கள்.
வரைந்து பார்த்தேன், தெரியவில்லை.
அன்று நன்றாகத் தூங்கினேன்.

"மேல கணக்குப் பொண்ணு இருக்குதாமே" என்று
முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்
சொல்தா வீட்டு மதாம் ரொசாலி.
சார்செலில் இருக்கும் மகள்
ஊருக்கு வருகிறவர் கையில் கொடுத்தனுப்பிய உறை.
அறுநூறு யூரோ.
"இன்னிக்கே மாத்திடலாமாம்மா?"
வியாழன் வரை பொறுங்கள் என்றேன்.
சொன்னது மாடல். வாய் என்னுடையது.
வியாழனன்று ஒன்று நாற்பது இறங்கியது.
அறுநூறைப் பெருக்கினால் எண்ணூற்று நாற்பது ரூபாய்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை,
காலி உறையை நான்காய் மடித்துக் கைப்பையில் வைத்தார்.

என் பிழைகளின் சராசரி சுழியம்.
திரையில் அப்படித்தான் இருந்தது, நான்கு தசமம் வரைக்கும்.
சராசரி ஒருநாளும்
முழங்கால் வலியோடு படியேறி வருவதில்லை.

இரவு மஞ்சக்குப்பத்துக்குக் கடைசிக்கு முந்தின பஸ்.
கன்னியக்கோயில் தாண்டி முள்ளோடை எல்லையில்
அந்தப் பக்கம் சம்பாதித்து இந்தப் பக்கம் குடித்தவன் ஒருவன்,
இடம் ஓரடி, வலம் ஓரடி,
சாவடித் தூணைத் தொட்டுவிட்டுப் பின்னால் ஓரடி.
எங்கே போவான் என்றேன் கண்டக்டரிடம்.
"எங்க போவான்? காலையில மொதல் டிரிப்புல பாருங்க,
இங்கயேதான் கிடப்பான்."

வீட்டுக்கு வந்து அதையே எழுதிப் பார்த்தேன்.
நாளைய விலை, இன்றைய விலை.
ஒரே வரி, மாறி ஒன்றும் கிடையாது.
தொடாமல் ஒதுக்கி வைத்திருந்த மூன்று வருடத் தரவில்
குடிகாரனின் பிழை நாற்பத்தொரு பைசா.
ஆறு மாதம், பதினொரு மாறிகள், ஏறிப்போன என் கண்ணாடிப் பவர்,
எல்லாம் சேர்ந்து நாற்பத்தேழு.
மறுபடி ஓட்டினேன்.
நாற்பத்தேழு.

மரைக்காயர் கால்குலேட்டரைத் துடைத்தபடியே கேட்டார்.
"அப்ப நாளைக்கு விலை, நம்ம வாசல் போர்டுல இருக்கறதுதானா?"
அதுதான்.
"அத எழுதத்தான் ஆறு மாசமா கரண்டு ஓடிச்சா?"
கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தார்.
"கீழ கவுண்டர்ல ஆளில்ல. நாளையிலேருந்து உக்காந்துடு."

இப்போது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்.
கிறிஸ்துமஸுக்கு முந்தின செவ்வாய்,
இன்னொரு உறையோடு மதாம்.
"மாத்தலாமாம்மா, பொறுக்கலாமா?"
எனக்குத் தெரியாது மதாம்.
முதல் தடவையாக என் முகத்தை உற்றுப் பார்த்தார்.
பிறகு முந்நூறை நீட்டினார்.
மீதி முந்நூறு கைப்பைக்கே திரும்பிப் போனது.
ரூபாயை எச்சில் தொட்டு எண்ணி,
மறுபடி எண்ணி,
வாசலில் நின்று போர்டை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து,