அரை அப்பம்

இரண்டு கண்ணாடித் தகட்டுக்கு நடுவே
ஒரு முழ அகலத்தில் பாப்பிரஸ்.
ஃபையூம் மணலில், ஊரார் குப்பை கொட்டிய மேட்டில் எடுத்தது.
கீழ்மூலை ஒன்றைக் கரையான் முடித்துவிட்டது.

நான் தேடி வந்தது வேறு.
மூவொருமை பற்றி ஒரு வாக்கியம்,
அல்லது எங்கோ தொலைந்துபோன ஒரு வசனம்.
கிடைத்தது சபையின் செலவுக் கணக்கு.

விளக்குக்கு ஆமணக்கெண்ணெய், இரண்டு குடுவை.
(அங்கும் விளக்கெண்ணெய்தான்.)
வேதம் வாசிப்பவரின் கண்ணுக்கு மருந்து.
ஞானஸ்நானத்துக்குத் தண்ணீர் சுமந்த கழுதைக்கு
மூன்று நாள் வாடகை.
கால்வாய் வற்றிய மாதம் போலிருக்கிறது.
ஓடும் நீர் ஊரில் இல்லாதபோது
பரிசுத்த ஆவி கழுதை முதுகில் வரவும் சம்மதித்திருக்கிறது.
துவட்டக் கொடுத்த துணி ஆறு.
திரும்பி வந்தது நான்கு.

இத்தனையும் எழுதியவன் கோப்ரேஸ்.
சாணக் குவியலில் கிடந்து எடுக்கப்பட்டவன் என்று பொருள்;
வீசியெறிந்த பிள்ளைக்கு அந்த நாட்டில் வைக்கிற பெயர்.
குப்பன் என்று வாசித்துக்கொள்ளுங்கள், ஒன்றும் குறைந்துவிடாது.
குப்பன் எழுதியது, குப்பையில் கிடைத்தது.

பின்பக்கம் முழுக்கக் கைம்பெண்கள்.
பெயருக்கு நேரே கோடு.
கோட்டுக்கு ஒரு அப்பம், வாரந்தோறும்.
ஹெராயிஸ், ஒன்று.
சின்தோநிஸ், பிள்ளையோடு, இரண்டு.
தேர்மூத்திஸ், ஒன்று
(நாக தேவதையின் பெயர்; முழுக்கின்போது
யாரும் மாற்றச் சொல்லவில்லை போல).
தயேசிஸ், ஒன்று.
இன்னும் ஏழு பேர், ஆளுக்கொன்று.
ஆக, பன்னிரண்டு.

அரசாணை வந்த ஆண்டு அது.
பீடத்தின் முன் ஒரு சிட்டிகை தூபம்,
பலியிட்ட கறியில் ஒரு வாய்,
பார்த்தோம் என்று இரண்டு பேர் கையெழுத்து;
சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு
உயிரோடு வீட்டுக்குப் போகலாம்.
தயேசிஸ் போயிருக்கிறாள்.

அடுத்த மாதம் அவள் பெயரின் மேல் ஒரு கோடு.
நேர்கோடு இல்லை.
நடுவில் நாணல் பேனா நின்று மை ஊறியிருக்கிறது.
ஆக, பதினொன்று.

அதற்கடுத்த மாதம்
பட்டியலுக்கு வெளியே, ஓரத்தில், அவசரமாக:
"தயேசிஸ். வாசலில். அரை."

பக்கத்தில் வேறொரு கை, தடித்த எழுத்து,
கேட்டுப் பழகிய தோரணை:
"யார் சொல்லி?"

பதில் எழுதப்படவில்லை.
கூட்டிப் பார்த்தேன். பதினொன்றேதான்.
விரல் விட்டு மறுபடி கூட்டினேன்.
தேர்மூத்திஸுக்கு நேரே கோடு
பாதியில் நிற்கிறது.

பின்னால் ஆயர்கள் கூடினார்கள்.
மறுதலித்தவர் எத்தனை ஆண்டு வாசலில் நிற்பது,
எத்தனை ஆண்டு முழங்காலில் இருப்பது, பந்திக்கு எப்போது,
எல்லாம் எழுதி ஊர் ஊராக அனுப்பினார்கள்.
நல்ல கிரேக்கம், பிழையே இல்லை.
அந்தக் கடிதங்கள் வந்து சேருமுன்
இங்கே ஒருத்தி தன் அப்பத்தைப் பிட்டுவிட்டாள்.
கணக்கு உதைக்காமல்
ஒருவன் பார்த்துக்கொண்டான்.

இரினியிடம் சொன்னேன்.
இருபது ஆண்டாக இந்தக் கண்ணாடிகளைத் துடைப்பவள்,
ஞாயிறு காலை நோன்பிருந்து
கெய்ரோவின் பழைய கோவிலில் அப்பம் வாங்குபவள்.
உருப்பெருக்கியோடு குனிந்தாள், நெடுநேரம்.
"தேர்மூத்திஸுக்குப் பல் விழுந்திருக்கும்" என்றாள்.
"அரைக்கு மேல் மெல்ல முடிந்திருக்காது."

இருக்கலாம்.

ஆனால் நான்காம் மாதம் தயேசிஸ்
ஓரத்திலிருந்து உள்ளே வருகிறாள்,
தன் பழைய இடத்துக்கு,
தேர்மூத்திஸுக்கு அடுத்த வரியில்.
நேரே முழுக் கோடா, பாதியா என்று பார்க்க
விளக்கை நகர்த்துகிறேன்.
அங்கேதான் கரையான் தொடங்கியிருக்கிறது.