நீர்வரத்து

மூன்று வாரமாக ஒரே கேள்வி.
பயிற்சி மேசையில் இடக்கையை
யாரோ மறந்துவிட்டுப் போன துண்டைப்போல வைத்துக்கொண்டு
மாதப்பன் கேட்கிறார்:
"ஒகேனக்கல் ஒரு தரம் போய்ட்டு வரட்டுங்களா மேடம்?"

பாலக்கோடு மண்டியிலிருந்து சென்னைக்குத் தக்காளி ஓட்டியவர்.
பிப்ரவரியில் ஒருநாள்
கிளட்ச் மிதிக்கக் கால் வரவில்லை.
வாணியம்பாடி தாண்டி, ரோட்டோரம்,
இருநூறு பெட்டி அழுகியது.

எண்ணெய் ஊற்றி நாலு தட்டு தட்டினால்
மிச்சத்தை அருவி பார்த்துக்கொள்ளும்
என்கிறாள் அவர் மனைவி சென்னம்மா.
பக்கத்து நாற்காலிக்காரரும் சொல்கிறார்.
தர்மபுரி ஆஸ்பத்திரி வாட்ச்மேன்கூடச் சொல்கிறார்.
எனக்கு மட்டும்தான்
படித்த படிப்பு குறுக்கே நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை நானே போனேன், ஒரு நோட்டோடு.
பென்னாகரம் வரை உட்கார இடமில்லை.
மலை வளைவில் முன்சீட்டுக் குழந்தை
என் செருப்பின்மேல் வாந்தி எடுத்தது.
எழுதிக்கொண்டேன்: பஸ் வேண்டாம்.

படிகளை இருமுறை எண்ணினேன்,
இரண்டு விடை வந்தது.
பாசி. ஷாம்பு பாக்கெட். மறுபடி பாசி.
கைப்பிடிக் கம்பி இறங்கும்போது இடப்பக்கம்,
ஏறும்போது வலப்பக்கம்.
அதாவது அவரால் ஏறிவிட முடியும்,
இறங்கத்தான் முடியாது.

பூங்காவில் சிமெண்ட் மானுக்கு ஒற்றைக் கொம்பு.
குழந்தைகள் ஊஞ்சலில் கல்லூரிப் பையன்கள்.
முதலை ஒன்று வாயைத் திறந்தபடி கிடந்தது.
டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்,
அதே வாய்.
'பார்க்கலாம்' என்று எழுதி, அடித்தேன்.
அசையாத ஒன்றை அவருக்குக் காட்ட
மனம் வரவில்லை.

பாறையில் வரிசையாக எண்ணெய் முதுகுகள்.
அங்கே மசாஜ் செய்கிற சின்னமாது
தலை நிமிராமல் கேட்டார்:
"பக்கவாதமா? எத்தினி மாசம்?
நான் இழுக்க மாட்டேன், நெட்டி எடுக்க மாட்டேன்.
தோள்மூட்டைத் தொடவே மாட்டேன்.
கொணமாவும்னு எவனாச்சும் சொன்னா
காசு குடுக்காதீங்க."

அந்தத் தோள்மூட்டு வாக்கியத்துக்கு
நான் நாலரை வருஷம் படித்தேன்.

"அப்புறம் எதுக்குத்தான் வர்றாங்க?"
பதிலுக்கு அவர் கையடியில் இருந்த முதுகை
படபடவென்று தட்டினார்.
ஆற்றின் இரைச்சலை மீறி
ஒரு பெரிய ஈரமான சத்தம்.
"கேக்குதில்ல?" என்றார்.

திங்கட்கிழமை மாதப்பனிடம் வாசித்தேன்:
கூட்டமில்லாத செவ்வாய். கார்.
கூடவே பிளாஸ்டிக் நாற்காலி.
அருவிக்கடியில் கூடாது,
ஓரத்து வாய்க்காலில், முழங்கால் மட்டும்.
பரிசல் கூடவே கூடாது.

"மீனு?" என்றார்.

அதைப் பற்றி என் நோட்டில் ஒரு வரியும் இல்லை.
வாசலில் வறுக்கிற மிளகாய் வாசனைக்கு நடுவே
இரண்டு மணிநேரம் நடந்திருக்கிறேன்.
"உப்பைக் குறைச்சு" என்று சமாளித்தேன்.

எண்ணெய் பாட்டிலை முன்பே வாங்கி வைத்திருந்தார்.
பையிலிருந்து சென்னம்மா எடுத்து நீட்ட,
மூடியை நான் இறுக்கினேன்.
"இதை இடக்கையால தொறங்க.
தொறந்த மறுநாள் போலாம்."
சொன்ன பிறகுதான்
கொஞ்சம் கொடூரமாகப் பட்டது.

வியாழக்கிழமைப் பேப்பர்:
கர்நாடக அணைகளில் தண்ணீர் திறப்பு,
நீர்வரத்து இருபதாயிரம் கனஅடி,
குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை.
எனக்கு நிம்மதியாக இருந்தது
என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

ஆறரைக்குப் போன்.
"பேப்பர் பாத்தீங்களா மேடம்?"
"பார்த்தேன்."
"குளிக்கத்தான தடை.
நின்னு பாக்கறதுக்கு?"

பின்னால் சென்னம்மா எதற்கோ திட்டுகிறாள்.
ஒரு தட்டு விழுகிறது.

"அப்பறம் மேடம்…
மூடி கால் சுத்து வந்துச்சு."

எந்தப் பக்கமாக என்று
நான் கேட்கவில்லை.